ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலும் தமிழ்த் துப்பறியும் புனைவின் தொடக்கமும்: தடயம், மாறுவேடம், நம்பகம்

ஆய்வுச்சுருக்கம்

ஆர்தர் கோனன் டாயில் எழுதிய 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' (1887) ஷெர்லாக் ஹோம்ஸ் தொடரின் முதல் நாவலாகும். ஒரு தொடரின் முதல் நூல் தன் துப்பறிவாளனை வாசகர் நம்பும்படி நிலைநாட்ட வேண்டிய கடமையுடையது. அக்கடமையை அந்நாவல் நிறைவேற்றும் முறையையும், அம்முறையில் எவற்றைத் தொடக்ககாலத் தமிழ்த் துப்பறியும் நாவல்கள் ஏற்றன, எவற்றை விலக்கின என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த புதுச்சேரியில் 1908 முதல் 1918 வரையிலான காலத்தில் நிகழ்ந்த ஒற்றாடல், துப்பறிதல் குறித்த மற்றொரு பார்வையை அளிக்கிறது. புனைவில் தடயம் உண்மையைக் காட்டுவது. புதுச்சேரியிலோ தடயமே புனையப்பட்டது. இவ்விரண்டையும் ஒப்பிடுவது, தமிழ் வாசகர் ஏன் காவல்துறைக்கு வெளியே நின்ற துப்பறிவாளனை விரும்பினர் என்னும் வினாவுக்கு ஒரு விடையைத் தருகிறது.

திறவுச்சொற்கள்: துப்பறியும் நாவல், ஷெர்லாக் ஹோம்ஸ், தானவன், ராஜாம்பாள், திகம்பர சாமியார், ஒற்றாடல், புதுச்சேரி

முன்னுரை

துப்பறியும் புனைவு தமிழில் மிகுதியாக வாசிக்கப்பட்ட இலக்கிய வகைகளுள் ஒன்று. ஆயினும், அது மேனாட்டிலிருந்து வந்த பொழுதுபோக்கு என்ற ஒற்றைக் குறிப்போடு இலக்கிய வரலாற்று நூல்கள் பலவற்றில் கடந்து செல்லப்படுகிறது. இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு. தழுவல்களே இவ்வகையின் தொடக்கமாக அமைந்தன. ஆனால் தழுவல் என்பது படியெடுத்தல் அன்று. தழுவுவோர் எதை எடுத்துக்கொண்டனர் என்பதைவிட எதை விட்டுவிட்டனர் என்பதே ஒரு சமூகத்தின் மனநிலையைத் தெளிவாக உணர்த்தும். இந்நோக்கில், ஆங்கிலத் துப்பறியும் தொடர்களுள் தலைசிறந்ததாகக் கருதப்படும் ஹோம்ஸ் தொடரின் முதல் நாவலை முதலில் ஆராய்ந்து, பின்னர்த் தமிழ்ச் சூழலுக்குச் செல்வது பொருத்தமாகும்.

நாவலின் தோற்றம்

டாயில் 1859ஆம் ஆண்டு எடின்பரோவில் பிறந்தவர், மருத்துவம் பயின்றவர். போர்ட்ஸ்மத் நகரின் சவுத்சீ பகுதியில் மருத்துவத் தொழில் நடத்திவந்த காலத்தில், 1886இல், இந்நாவலை எழுதினார். பதிப்பாளர் சிலர் மறுத்த பின்னர், வார்டு லாக் நிறுவனம் 25 பவுண்டு கொடுத்து நூலின் முழு உரிமையையும் பெற்றுக்கொண்டது. 'பீட்டன்ஸ் கிறிஸ்துமஸ் ஆன்யுவல்' என்னும் ஆண்டுமலரில் 1887இன் இறுதியில் நாவல் வெளிவந்தது, 1888இல் தனிநூலாயிற்று. வெளிவந்தபோது பெரும் வரவேற்பு ஏதும் இல்லை. இரண்டாம் நாவலான 'தி சைன் ஆஃப் ஃபோர்' 1890இல் வந்தது. 1891 முதல் 'ஸ்ட்ராண்ட்' இதழில் சிறுகதைகள் வெளிவரத் தொடங்கிய பின்னரே ஹோம்ஸ் பெரும்புகழ் பெற்றான். மொத்தத்தில் 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் இத்தொடரில் அடங்கும்.

இந்நாவல் வெற்றிடத்தில் தோன்றியதன்று. எட்கர் ஆலன் போ 1841இல் டூப்பான் என்னும் பாரிசு நகரத்துத் துப்பறிவாளனைப் படைத்திருந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் கபோரியோ 1866இல் வெளியிட்ட 'லஃபேர் லெருஜ்' என்னும் நாவலில் லெகோக் என்னும் காவலரை அறிமுகப்படுத்தினார். வில்கி காலின்ஸின் 'தி மூன்ஸ்டோன்' (1868) ஸ்ரீரங்கப்பட்டணத்து முற்றுகையில் கவரப்பட்ட ஓர் இந்திய மணியை மையமாகக் கொண்டது. டாயில் இம்முன்னோடிகளை நன்கறிந்தவர். தம் முதல் நாவலிலேயே டூப்பானையும் லெகோக்கையும் ஹோம்ஸ் தாழ்த்திப் பேசுவதாக அமைத்துள்ளார். முன்னோரைக் குறைத்துப் பேசுதல் இங்கு வெறும் செருக்கன்று. புதியவனுக்கு இடம் உண்டாக்கும் உத்தியாகும். அதே வேளையில், முதற்பகுதியில் குற்றத்தையும் இரண்டாம் பகுதியில் அக்குற்றத்தின் பழங்கதையையும் வைக்கும் அமைப்பு கபோரியோவின் நாவல்களை ஒத்திருக்கிறது.

துப்பறிவாளனை நிலைநாட்டும் முறை

நாவலின் கதைசொல்லி மருத்துவர் வாட்சன். இரண்டாம் ஆப்கானியப் போரில், 1880ஆம் ஆண்டு மைவந்துப் போரில் காயமுற்று, பெஷாவரில் குடற்காய்ச்சலுக்கு ஆளாகி, இலண்டனுக்குத் திரும்பியவர். வாடகையைப் பகிர்ந்துகொள்ள ஒருவரைத் தேடும் நிலையில் ஹோம்ஸை ஒரு மருத்துவமனைச் சோதனைக்கூடத்தில் சந்திக்கிறார். இரத்தக்கறையை ஐயமின்றி அறியும் வேதிமுறை ஒன்றைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில் ஹோம்ஸ் இருக்கிறான். கைகுலுக்கியதும் வாட்சன் ஆப்கானித்தானத்திலிருந்து வந்தவர் என்பதைக் கூறிவிடுகிறான். அது எவ்வாறு அறியப்பட்டது என்னும் விளக்கம் உடனே தரப்படுவதில்லை. அடுத்த இயலில்தான் வருகிறது. வெயிலில் கறுத்த முகம், அதற்கு மாறாக வெளுத்த மணிக்கட்டு, படைவீரனின் நடை, விறைத்த இடக்கை ஆகியன அதன் சான்றுகள்.

இக்காட்சியில் மூன்று செய்திகள் நிலைபெறுகின்றன. ஒன்று, உடலும் பொருள்களும் படிக்கத்தக்க எழுத்துகள் என்பது. இரண்டு, அவற்றைப் படிக்க அறிவியல் பயிற்சி வேண்டும் என்பது. மூன்று, அப்பயிற்சி உடையவனை அது இல்லாத நேர்மையாளர் ஒருவர் வியந்து பதிவுசெய்கிறார் என்பது. வாட்சன் பொய் கூறமாட்டார் என்ற நம்பிக்கையே ஹோம்ஸ் தவறமாட்டான் என்ற நம்பிக்கையாக வாசகரிடம் மாறுகிறது. டாயிலின் ஆசிரியரான மருத்துவர் ஜோசஃப் பெல், நோயாளி வாய் திறக்கும் முன்பே அவரது தொழிலையும் ஊரையும் கூறிவிடும் ஆற்றல் பெற்றிருந்தார். மருத்துவ வகுப்பறையின் இவ்வழக்கமே துப்பறியும் முறையாக உருமாறியது.

லாரிஸ்டன் கார்டன்ஸ் என்னும் இடத்தில் ஆளில்லா வீடொன்றில் ட்ரெபர் என்னும் அமெரிக்கர் இறந்துகிடக்கிறார். உடலில் காயம் இல்லை. அறையிலோ இரத்தத்துளிகள் உள்ளன. சுவரில் இரத்தத்தால் 'ராக்கே' எனப் பொருள்படும் ஐந்து எழுத்துகள் எழுதப்பட்டுள்ளன. 'ரேச்சல்' என்னும் பெண்பெயரை எழுதத் தொடங்கி முடிக்காமற்போனதாக லெஸ்ட்ரேட் என்னும் காவல் அதிகாரி கருதுகிறார். அது 'பழி' என்னும் பொருளுடைய ஜெர்மன் சொல் என்பதை ஹோம்ஸ் விளக்குகிறான். அதுவும் காவலரைத் திசைதிருப்ப இடப்பட்ட போலித்தடயம் என்பதையும் உணர்கிறான். எழுத்துகளின் உயரத்திலிருந்து எழுதியவனின் உயரத்தையும், தெருவிலுள்ள சக்கரத்தடங்களிலிருந்து வந்தது வாடகைக் குதிரைவண்டி என்பதையும், தரையில் கிடந்த சாம்பலிலிருந்து அவன் புகைத்த சுருட்டையும் கூறுகிறான்.

அச்சுருட்டு திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பது தமிழ் வாசகர் கருதத்தக்க செய்தியாகும். தென்னிந்தியப் புகையிலையால் உருட்டப்பட்ட இச்சுருட்டுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரிடையே பெயர்பெற்றிருந்தன. ஆங்கிலத்தில் வழங்கும் 'செரூட்' என்னும் சொல்லும் தமிழ்ச் 'சுருட்டு' என்னும் சொல்லின் வழிவந்ததே. கருநிறமாய்ச் செதிள் செதிளாக உதிரும் சாம்பலைக் கண்டே ஹோம்ஸ் இம்முடிவுக்கு வருகிறான். ஆக, ஹோம்ஸ் தொடரின் முதல் நாவலிலேயே தமிழ்நிலம் இடம்பெற்றுவிட்டது. ஆனால் மாந்தராக அன்று, சாம்பலாக. குடியேற்ற நாடுகளின் விளைபொருள்கள் இலண்டனில் வந்து குவிந்தமையால்தான் அவற்றை வகைப்படுத்தும் அறிவு ஒருவனுக்குத் தொழிற்கருவியாக முடிந்தது. வாட்சனின் ஆப்கானியக் காயமும் திருச்சிராப்பள்ளிச் சாம்பலும் ஒரே பேரரசின் இருவேறு தடயங்களாகும்.

முதல் நாவலின் குறைகள்

ஒரு தொடரின் முதல் நூல் என்ற வகையில் இந்நாவலுக்குக் குறைகளும் உள்ளன. துப்பறிதலின் இறுதிக்கண்ணி வாசகரிடமிருந்து மறைக்கப்பட்டுள்ளது. ட்ரெபரின் திருமணம் குறித்து அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்கு ஹோம்ஸ் அனுப்பிய தந்தியும், அதற்கு வந்த விடையுமே ஜெபர்சன் ஹோப் என்னும் பெயரைத் தருகின்றன. இவ்விடை கதையின் இறுதியில்தான் வாசகருக்குத் தெரிவிக்கப்படுகிறது. ஆகவே வாசகர் துப்பறிவாளனோடு போட்டியிட வழியில்லை. வியக்க மட்டுமே இயலும்.

இரண்டாம் பகுதி அமெரிக்காவின் யூட்டா பகுதிக்குச் செல்கிறது. லூசி ஃபெரியர் என்னும் பெண்ணை அவள் விருப்பத்திற்கு மாறாக மணமுடிக்க மார்மன் சமயத்தலைமை முனைகிறது. அவள் வளர்ப்புத்தந்தை கொல்லப்படுகிறார். அவளும் கட்டாய மணத்தின் துயரால் இறக்கிறாள். அவளை நேசித்த ஹோப், காரணமான இருவரையும் நாடு நாடாகத் தொடர்ந்து பழிதீர்க்கிறான். ஒரு சமயத்தார் முழுமையையும் கொடியோராகக் காட்டும் இப்பகுதி கடுமையான விமரிசனத்திற்கு உள்ளாயிற்று. ஆயினும் இப்பகுதியின் பணி தெளிவானது: கொலைகாரன் இரக்கத்திற்குரியவன் ஆகிறான். அவன் இரத்தக்குழாய் நோயால் வழக்கு நடைபெறும் முன்பே இறந்துவிடுவதால், அவனைத் தூக்கிலிடும் நிலை சட்டத்திற்கு நேர்வதில்லை. முதற்பகுதியில் அறிவு வெல்கிறது. இரண்டாம் பகுதியில் அறம் பேசுகிறது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முழுதும் பொருந்தாமலேயே நாவல் முடிவடைகிறது. கண்டுபிடிப்பின் புகழைச் செய்தித்தாள்கள் காவல் அதிகாரிகளுக்கே வழங்குகின்றன. உண்மையை வெளியிட வாட்சன் உறுதிகொள்வதே தொடரின் தொடர்ச்சிக்கு வாயிலாகிறது.

தமிழில் துப்பறியும் புனைவின் வருகை

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் அச்சேறியது. அடுத்த பதினைந்தே ஆண்டுகளில், 1894இல், பண்டித ச. ம. நடேச சாஸ்திரி 'தானவன்' என்னும் காவல் நிபுணனின் கண்டுபிடிப்புகளைக் கூறும் நூலை வெளியிட்டார். தமிழ்த் துப்பறியும் புனைவின் முதல் நூலாக இது சுட்டப்படுகிறது. 'தானவன்' என்னும் பெயர், 1880களின் இறுதியிலிருந்து ஆங்கிலத்தில் பெருவழக்காயிருந்த 'டிக் டோனவன்' கதைகளின் பெயரொலியை நினைவூட்டுகிறது. நடேச சாஸ்திரி நாட்டார் கதைகளைத் தொகுத்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. திருடனின் சூழ்ச்சியையும் அமைச்சனின் மதிநுட்பத்தையும் கூறும் கதைமரபை அறிந்த ஒருவரே துப்பறியும் கதையைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்.

இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் ஜே. ஆர். ரங்கராஜு 'ராஜாம்பாள்' நாவலை வெளியிட்டார். துப்பறியும் கோவிந்தன் இதன்வழித் தமிழ் வாசகருக்கு அறிமுகமானான். பொருந்தா மணம், பொய்யாகச் சுமத்தப்பட்ட கொலைக்குற்றம், துப்பறிவாளனின் தலையீட்டால் வெளிப்படும் உண்மை, காதலர் இணைவு என்னும் வரிசையில் கதை அமைகிறது. இந்நாவல் பல பதிப்புகள் கண்டது. நாடகமாகவும், 1935, 1951 ஆகிய ஆண்டுகளில் திரைப்படமாகவும் வந்தது. வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியார் என்னும் துப்பறிவாளரைப் படைத்தார். அவரது 'கும்பகோணம் வக்கீல்' 1950இல் 'திகம்பர சாமியார்' என்னும் பெயரில் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தால் படமாக்கப்பட்டது. எம். என். நம்பியார் பல்வேறு வேடங்களில் அதில் நடித்தார். ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்கள் பலவற்றைத் தழுவி எழுதியவர். அவர் வழங்கிய ஆனந்தசிங் என்னும் துப்பறிவாளனிடம் ஹோம்ஸின் சாயல் காணப்படுகிறது.

இவ்வெழுத்தாளர்கள் அனைவருக்கும் பொதுவான ஊற்றாக அமைந்தவர் டாயில் மட்டும் அல்லர். ஜி. டபிள்யூ. எம். ரெய்னால்ட்ஸின் (1814–1879) மர்ம நாவல்கள் இந்தியாவில் பெரிதும் வாசிக்கப்பட்டன. உயர்குடி மாளிகைகளின் ஒழுக்கக்கேடு, கடத்தப்படும் பெண், தப்பியோடுதல், எதிர்பாராச் சந்திப்பு ஆகிய ரெய்னால்ட்ஸ் கூறுகளே தொடக்ககாலத் தமிழ்த் துப்பறியும் நாவலின் உடலாயின. டாயிலிடமிருந்து வந்தது துப்பறிவாளன் என்னும் தலை எனலாம்.

ஏற்றவையும் விலக்கியவையும்

தமிழ் நாவலாசிரியர்கள் ஏற்றவற்றுள் முதன்மையானது, வழக்கமான காவலரைவிட நுண்ணறிவு மிக்க தனிமனிதன் என்னும் கருத்தாகும். குற்றமற்றவர் தண்டனையின் விளிம்பில் நிற்க, அவன் வந்து மீட்கிறான். இரண்டாவதாக, ஹோம்ஸின் முதல் நாவலில் இரண்டாம் பகுதியாகத் தனித்து நின்ற கட்டாயமணக் கதை, தமிழில் நாவலின் மையத்திற்கே வந்துவிட்டது. லூசி ஃபெரியரின் துயரம் டாயிலுக்குக் கொலையின் காரணம் மட்டுமே. தமிழ் நாவலாசிரியர்களுக்கோ பெண்ணின் மணமே வழக்கின் பொருளாயிற்று. குழந்தை மணமும் முதியோர் மறுமணமும் பொதுமேடைகளில் வாதிடப்பட்ட காலத்தில் இவை எழுதப்பட்டன என்பதை மறத்தலாகாது.

விலக்கப்பட்டவை இரண்டு. ஒன்று, வாட்சனைப் போன்ற உடன்நின்று கூறும் கதைசொல்லி. தொடக்ககாலத் தமிழ்த் துப்பறியும் நாவல்களில் எல்லாம் அறிந்த ஆசிரியரே கதை கூறுகிறார்; வாசகரை விளித்து நீதியும் உரைக்கிறார். துப்பறிவாளனின் நம்பகத்திற்குத் தனிச்சாட்சி தேவைப்படவில்லை. அவன் அறத்தின் பக்கம் நிற்பதே போதுமான சான்றாக இருந்தது. மற்றொன்று, சோதனைக்கூடம். சாம்பலையும் சக்கரத்தடத்தையும் அளந்து முடிவுகாணும் பகுதிகள் சுருங்கி, மாறுவேடமும் ஒட்டுக்கேட்டலும் பின்தொடர்தலும் பெருகின.

'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' நாவலில் ஹோம்ஸ் ஒருமுறையும் மாறுவேடம் பூணுவதில்லை என்பது இவ்விடத்தில் நோக்கத்தக்கது. மோதிரத்தைப் பெற வரும் கிழவியாக வேடமிட்டு அவனையே ஏமாற்றுபவன் எதிராளியின் நண்பன். வேடம் புனையும் ஹோம்ஸ் பிந்தைய கதைகளில்தான் வருகிறான். தமிழ்த் துப்பறிவாளரோ தொடக்கத்திலிருந்தே வேடத்தில் வல்லவர்.

இவ்வேறுபாட்டின் வேர் தமிழ் மரபில் உள்ளது. திருக்குறளின் 59ஆம் அதிகாரம் ஒற்றாடல். ஐயுறப்படாத வடிவம் கொள்ளுதல், துறவியர் கோலத்தில் அரிய இடங்களுக்கும் சென்று ஆராய்தல், என்ன செய்யினும் சோர்வுறாமை ஆகியவற்றை ஒற்றனின் இலக்கணமாக அது வகுக்கிறது. திகம்பர சாமியார் என்னும் பெயரும் கோலமும் இவ்விலக்கணத்தோடு இயல்பாகப் பொருந்துகின்றன. ஆங்கிலத் துப்பறிவாளனின் முன்னோன் மருத்துவன். தமிழ்த் துப்பறிவாளனின் முன்னோன் ஒற்றன். முன்னவன் பொருளைப் படிக்கிறான். பின்னவன் மாந்தரிடையே புகுந்து அறிகிறான்.

அதே அதிகாரம் மற்றோர் எச்சரிக்கையையும் தருகிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் சரிபார்க்க வேண்டும். ஒருவரையொருவர் அறியாத மூவர் சொல்லும் ஒத்திருந்தாலே அது தெளியப்படும். ஒற்றன் பொய்யும் கூறக்கூடும் என்ற அறிவு இதில் அடங்கியுள்ளது. இவ்வறிவு புனைவில் பெரிதும் பயன்படவில்லை, வாழ்க்கையில் பயன்பட்டது. அதற்குப் புதுச்சேரியே சான்று.

புதுச்சேரி: தடயம் புனையப்பட்ட களம்

சென்னை மாகாணத்தில் குற்றப்புலனாய்வுத் துறை 1906இல் அமைக்கப்பட்டது. 'சி.ஐ.டி.' என்னும் சொல் தமிழ்ப் பேச்சுவழக்கில் நுழைந்ததும் இக்காலத்தையொட்டியே. ரங்கராஜுவின் வாசகர் கோவிந்தனின் வெற்றிகளைப் படித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், மெய்யான துப்பறிவோர் அரசியல் தொண்டரைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தனர்.

'இந்தியா' இதழின் மீது சென்னையில் வழக்குத் தொடரப்பட்டதையடுத்து 1908இல் சுப்பிரமணிய பாரதி புதுச்சேரி சேர்ந்தார். 1910 ஏப்ரல் 4 அன்று அரவிந்தர் வந்தார். அதே ஆண்டில் வ. வே. சு. ஐயரும் வந்துசேர்ந்தார். பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட நிலத்தில் பிரிட்டிஷ் காவலர் எவரையும் கைதுசெய்ய இயலாது. ஆகவே அவர்களுக்கு எஞ்சியது கண்காணிப்பே. புதுச்சேரிப் பகுதி ஒரே தொடர்ச்சியான நிலமன்று. பிரெஞ்சு ஊர்களும் பிரிட்டிஷ் ஊர்களும் விரவிக்கிடந்தன. தொழிற்பேட்டையும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடமும் கொண்ட தட்டாஞ்சாவடி போன்ற புறப்பகுதிகள் நகரோடு கலந்துவிட்ட இன்றைய நிலையில், அன்று எல்லை எத்துணை நெருக்கமாக இருந்தது என்பதை உணர்தல் எளிதன்று. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் கொல்லப்பட்ட பின்னர்க் கண்காணிப்பு மேலும் கடுமையாயிற்று.

இச்சூழலில் 1912இல் நிகழ்ந்த ஒன்றை அரவிந்தரின் வாழ்க்கை வரலாறுகள் பதிவுசெய்துள்ளன. ஐயர் வீட்டுக் கிணற்றில், அரசெதிர்ப்பு ஆவணங்கள் அடைக்கப்பட்ட கலம் ஒன்று போடப்பட்டது. நீர் இறைக்கும்போது அது வெளிப்பட்டது. பிரெஞ்சு அதிகாரிகளிடம் முறையிட்டுச் சோதனை நடத்தச் செய்து, குடியேறியோரைச் சிக்கவைப்பதே அதன் நோக்கம். கலத்தை அழித்துவிடுவது எளிது. ஆனால் அழித்தல் குற்றத்தை ஒப்புக்கொண்டது போலாகும். அரவிந்தரின் அறிவுரைப்படி அது உடனே பிரெஞ்சுக் காவலரிடம் தெரிவிக்கப்பட்டது. பின்னர் மயூரேசன் என்னும் ஒற்றன் குற்றச்சாட்டு அளித்ததன்பேரில், விசாரணை நீதிபதி அரவிந்தர் வீட்டைச் சோதித்தார். அவர் அங்குக் கண்டவை இலத்தீன், கிரேக்க நூல்கள். அம்மொழிகள் அறிந்த ஒருவர்மீது ஐயம்கொள்ள இயலாதவராய் அவர் மதிப்புடன் திரும்பினார். குற்றஞ்சாட்டியவனின் நிலையே இடருக்குள்ளாக, அவன் பிரிட்டிஷ் எல்லைக்குள் தப்பியோடினான்.

இந்நிகழ்ச்சியை ஹோம்ஸின் முதல் நாவலோடு ஒப்பிடுகையில் மூன்று கருத்துகள் தெளிவாகின்றன.

முதலாவது, இரண்டிலும் போலித்தடயம் உண்டு. நாவலில் சுவரெழுத்தைக் குற்றவாளி இட்டான். துப்பறிவாளன் அதனை அறிந்தான். புதுச்சேரியிலோ துப்பறியும் பக்கமே கலத்தை இட்டது. துப்பறியப்பட்டவரே அதனை அறிந்தனர். குற்றவாளி, துப்பறிவாளன் என்னும் இடங்கள் இங்கு தலைகீழாயின. தடயம் யாரால், யாருக்காக வைக்கப்பட்டது என்னும் ஹோம்ஸின் வினா, கண்காணிக்கப்படுவோரின் தற்காப்பு வினாவாக மாறியது.

இரண்டாவது, விசாரணை முறையின் வேறுபாடு. பிரெஞ்சுச் சட்டத்தில் விசாரணை நீதிபதியே நேரில் ஆராய்ந்து சான்று திரட்டுவார். கபோரியோவின் முதல் துப்பறியும் நாவலில் இத்தகைய நீதிபதி ஒரு முதன்மை மாந்தர். தம் தனிப்பட்ட பகைமை தீர்ப்பைத் திரித்துவிடுமோ என்று அஞ்சுபவர். தவறான தடயத்தால் குற்றமற்றவர் ஒருவர் அங்குச் சிறைப்படுகிறார். ஹோம்ஸ் ஏளனம் செய்த அப்பிரெஞ்சு மரபு, தடயம் பொய்க்கக்கூடும் என்பதையும் அதனை ஆராய்பவர் தவறக்கூடும் என்பதையும் நன்குணர்ந்திருந்தது. புதுச்சேரியில் இருந்தோரைக் காத்ததில் இம்முறைக்கும் ஒரு பங்குண்டு. குற்றஞ்சாட்டியவரும் ஆராய்ந்தவரும் வெவ்வேறு அரசுகளைச் சார்ந்தவராக இருந்தனர். ஒருவர் கொணர்ந்ததை மற்றவர் சரிபார்க்க நேர்ந்தது. ஒற்றாடல் அதிகாரம் வேண்டிய சரிபார்ப்பு இங்குத் தற்செயலாக நிறைவேறியது.

மூன்றாவது, நூல்களே சான்றானமை. வாட்சனின் மணிக்கட்டைக் கண்டு ஹோம்ஸ் அவரது வாழ்வைப் படித்தது போல, நீதிபதி நூலடுக்கைக் கண்டு அரவிந்தரை மதிப்பிட்டார். முடிவு நன்மையாயிற்று என்பது உண்மை. ஆனால் முறை ஐயத்திற்குரியது. இலத்தீனும் கிரேக்கமும் அறிந்தவர் சதி செய்யார் என்பது சான்றன்று. ஒரு வர்க்கத்தின் நம்பிக்கை. அந்நூல்கள் இல்லாத எளிய தொண்டர் ஒருவர் வீட்டில் அதே சோதனை எவ்வாறு முடிந்திருக்கும் என்னும் வினா எஞ்சுகிறது. தோற்றத்திலிருந்து மனிதரைப் படிக்கும் ஹோம்ஸ் முறையின் வலிமையும் இடரும் ஒருங்கே இங்கு வெளிப்படுகின்றன.

தமிழ் வாசகரின் தேர்வு

மேற்கண்டவற்றால் ஒரு கருத்து பெறப்படுகிறது. தமிழ் வாசகருக்குத் துப்பறிதல் என்பது நூலில் மட்டும் அறிந்த பொருள் அன்று. காவலர், இரகசியப் போலீசார், பொய்ச்சாட்சி, புனைந்த வழக்கு ஆகியன அவர்கள் காலத்தின் நடைமுறைகள். பாரதியும் ஐயரும் வாழ்ந்த நகரில் மட்டுமன்றி மாகாணம் முழுவதும் இவ்வறிவு பரவியிருந்தது. இச்சூழலில் புனைவின் துப்பறிவாளன் அரசின் கையாகத் தோன்றியிருந்தால் அவனை முழுமனத்துடன் ஏற்றல் அரிது. கோவிந்தனும் திகம்பர சாமியாரும் பொய்வழக்கிலிருந்து குற்றமற்றவரை மீட்பவராகப் படைக்கப்பட்டமை, வாசகரின் அச்சத்திற்கு ஏற்ற மருந்தாக அமைந்தது எனலாம். ஹோம்ஸ் குற்றவாளியைக் கண்டுபிடிப்பவன். தமிழ்த் துப்பறிவாளன் முதன்மையாகக் குற்றமற்றவரைக் காப்பவன். இவ்வழுத்த மாற்றமே தழுவலின் தமிழ்த்தன்மை.

பின்வந்தோர் இவ்விரு மரபுகளையும் பலவாறு கலந்தனர். தேவனின் 'துப்பறியும் சாம்பு' 1940களில் துப்பறிவாளனின் பேரறிவையே நகைச்சுவைக்கு உள்ளாக்கியது. சாம்பு தற்செயலால் வெல்பவன். தமிழ்வாணனின் சங்கர்லால் தூய்மையும் ஒழுங்கும் உடைய நகரத்து நாயகன். சுஜாதாவின் கணேஷ் 1968இல் 'நைலான் கயிறு' நாவலில் தோன்றியபோது, துப்பறிவாளன் வழக்கறிஞனாகியிருந்தான். பின்னர் வந்துசேர்ந்த வசந்த், வாட்சனின் இடத்தைக் குறும்போடு நிரப்பினான். துப்பறிவாளன் நீதிமன்றத்தில் எதிர்வாதம் செய்பவனாக அமைந்தமை, குற்றமற்றவரைக் காத்தல் என்னும் பழைய அழுத்தத்தின் தொடர்ச்சியாகும்.

முடிவுரை

'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' ஒரு முழுமையான நாவலன்று. இரு பகுதிகளும் இசைவின்றி நிற்கின்றன. வாசகருக்கு எல்லாத் தடயங்களும் தரப்படவில்லை. ஒரு சமயத்தாரைப் பற்றிய முன்முடிவு கதையைத் திரிக்கிறது. ஆயினும் ஒரு தொடரின் முதல் நூல் ஆற்றவேண்டிய பணியை அது செவ்வனே ஆற்றியது: பொருள்களைப் படிக்கும் ஒருவனையும் அவனை நம்பும் ஒருவரையும் நிலைநாட்டியது. தமிழ் நாவலாசிரியர்கள் அவ்விருவருள் முன்னவனை மட்டும் ஏற்று, அவனுக்கு ஒற்றனின் வேடத்தையும் அறத்தின் துணையையும் அளித்தனர். புதுச்சேரி நிகழ்ச்சியோ, தடயம் தானே பேசுவதன்று, அதனை வைத்தவரும் படிப்பவரும் யாவர் என்பதைப் பொறுத்தே அது பேசும் என்பதை உணர்த்துகிறது.

திருச்சிராப்பள்ளிச் சாம்பலிலிருந்து ஒருவனை அடையாளம் காணும் அறிவு வியத்தற்குரியது. அச்சாம்பலை அங்கு வைத்தவர் யார் என்று கேட்கும் அறிவும் அதனோடு சேரும்போதே துப்பறிதல் நீதியாகும். தமிழ்த் துப்பறியும் புனைவின் தொடக்ககாலப் பனுவல்களை, அவை வெளிவந்த ஆண்டுகளின் காவல், நீதிமன்ற ஆவணங்களோடு இணைத்துப் படிக்கும் ஆய்வுகள் பெருகின், இவ்விலக்கிய வகை வெறும் பொழுதுபோக்கு என்னும் மதிப்பீடு மறுபரிசீலனைக்கு உள்ளாகும்.